அப்பாவின் புள்ளடி

ஹாலே,
10.02.2025

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தைக் கண்டதும் யாரோ செத்துப்போனார்கள் என்று பயந்துவிடாதீர்கள். எல்லோரும் சுகம். அப்பாவுக்கு வலது கை இன்னும் எழும்பவில்லை. வாய் மட்டும் முந்தியை விட நன்றாக வேலை செய்கிறது.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் போனை வைத்த வேகம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதோடு எங்கள் வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தாலும் அப்பாவுக்குக் கேட்கும். அதனால்தான் தாளும் பேனையும். பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். நான் வேலை செய்கிற டிராம் பணிமனை விலாசத்தை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அங்கே போடுங்கள்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை அப்பாவின் தபால் வாக்குச்சீட்டு வந்தது. மாடிப்படி இறங்கி ஏற அவருக்குக் கஷ்டம் என்று நான்தான் விண்ணப்பித்து எடுத்தேன். சீட்டை மேசையில் விரித்ததும் அப்பா தேனுஜாவைக் கூப்பிட்டு, சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். உங்கள் மச்சாள் சைவக்காரி. அவள் சுரூபத்தோடு பக்கத்தில் இருந்த பிள்ளையாரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பா பிள்ளையாரைத் திருப்பி அனுப்பினார். பிறகு ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம். அது முடிந்ததும், "போடு தம்பி" என்று ஒரு கட்சியின் பெயரைச் சொன்னார்.

பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்களைப் போன்றவர்களை வந்த வழியே அனுப்பிவிட வேண்டும் என்று மேடை போட்டுச் சொல்கிறவர்கள் என்றால் உங்களுக்கு விளங்கும். எங்கள் தெருவில் எந்த மின்கம்பத்தைப் பார்த்தாலும் அவர்களுடைய முகம்தான் தொங்குகிறது.

"அப்பா, உவங்கள் எங்களைத் துரத்தப் பாக்கிறாங்கள்" என்றேன்.

"தெரியும். என்னைத் துரத்தினால் நான் போறன். எனக்குப் போறதுக்கு ஒரு குருநகர் இருக்கு. வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளைக்குப் போக எந்த ஊர் இருக்கு? அதை அழிக்கிறது குற்றமில்லை எண்டு சட்டம் கொண்டுவரப் பாக்கிறாங்கள் மற்றவங்கள். இவங்கள் மட்டும்தான் கூடாது எண்டு சொல்லுறாங்கள். நான் சாகப்போற ஆள். கடவுளுக்கு முன்னால போய் நிண்டு என்ன சொல்லுறது?"

எனக்குக் கை வலிக்குது, நாளைக்குப் போடுவம் என்று சொல்லிச் சீட்டை மடித்து வைத்துவிட்டேன். கை வலிக்கவில்லை. சீட்டோடு ஒரு பத்திரம் வருகிறது. வாக்காளரின் விருப்பப்படியே கட்டத்தில் புள்ளடி போட்டேன் என்று உதவி செய்தவர் அதில் சத்தியம் செய்து கையெழுத்து வைக்க வேண்டும். அதாவது நான்.

நீங்கள் கோயில் சபையில் இருக்கிறீர்கள், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறீர்கள். இதற்குத் திருச்சபை என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். சீட்டை வைத்து அனுப்புகிற சிவப்பு உறை இருபத்துமூன்றாம் திகதித் தேர்தலுக்குள் போய்ச் சேர வேண்டும்.

தம்பி,
அமலன்

கொலோன்,
12.02.2025

தம்பி,

உன் கடிதத்தில் உள்ள எழுத்துப்பிழைகளை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பலாம் என்று சிவப்புப் பேனையை எடுத்தேன். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் பேனையை எறிந்துவிட்டேன்.

இதற்குத்தான் நான் அப்பாவை இங்கேயே வைத்திருக்க வேண்டும் என்றேன். பாரிசவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து இரண்டு மாதம் பார்த்தவள் நான். காலையிலிருந்து இரவு வரை யாரோ ஒருவர் கத்திக் கத்திச் செய்கிற யூடியூப் பிரசங்கத்தை நிறுத்தச் சொன்னேன். அவ்வளவுதான். "என்ர செபத்தை நிப்பாட்டுற வீட்டில எனக்கு என்ன வேலை" என்று ரயில் ஏறி உன்னிடம் வந்துவிட்டார். நீயும் மகாராசாவை வரவேற்பது போல ஸ்டேஷனுக்குப் போனாய். இப்போது அந்தப் பிரசங்கம் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று பார்.

திருச்சபை என்ன சொல்கிறது என்று கேட்கிறாய். போன வருடம் இந்த நாட்டு ஆயர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதினார்கள். இனத்தையும் இரத்தத்தையும் வைத்து மனிதரைப் பிரிக்கிற கட்சி கிறிஸ்தவர்கள் வாக்குப் போடக்கூடிய கட்சி அல்ல என்று. சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆயர்கள் சொன்னதை விட யூடியூப்காரர் சொன்னது பெரிதா என்று அவரிடம் கேள்.

பிள்ளை விஷயத்தில் அப்பா சொல்வது பிழை என்று நான் சொல்லவில்லை. கருவில் இருப்பது உயிர். நானும் அதைத்தான் படிப்பிக்கிறேன். ஆனால் அந்த உயிர் பிறந்து, கறுப்பாக இருந்து, பள்ளிக்கூடம் போனால் அதையும் காப்பாற்ற வேண்டுமா இல்லையா? தனக்குச் சோறு ஊட்டுகிற மருமகளின் கையில் இன்னும் ஜேர்மன் கடவுச்சீட்டு இல்லை என்பது அவருக்குத் தெரியாதா?

நீ ஏன் இதைப் பெரிய சத்தியசோதனையாக்குகிறாய் என்று எனக்கு விளங்கவில்லை. சின்ன வயதிலிருந்து அப்பாவின் ஒவ்வொரு அன்ட்ராக் படிவத்தையும் நிரப்பினது யார்? எத்தனை விண்ணப்பம், எத்தனை கந்தோர். அவர் சொன்னதையா நிரப்பினோம்? அவருக்கு நல்லதை நிரப்பினோம். வெளிநாட்டவர் கந்தோரில், ஊரில் சண்டை முடிந்தால் என்ன செய்வீர்கள் என்று அந்த உத்தியோகத்தர் கேட்டபோது அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அடுத்த நாளே போவன் எண்டு சொல்லு பிள்ளை." எனக்குப் பதினான்கு வயது. நான் ஜேர்மனில் சொன்னேன்: பிள்ளைகள் இங்கே நன்றாகப் படிக்கிறார்கள், அப்பா இந்த நாட்டிலேயே உழைத்து வாழ விரும்புகிறார். அதனால்தான் நீ இன்று ஹாலேயில் டிராம் திருத்துகிறாய்.

ஆகவே, நல்ல ஒரு கட்சியாகப் பார்த்துப் போடு. எதுவென்று நான் சொல்லவில்லை, அது மட்டும் வேண்டாம். அப்பா கேட்டால் போட்டாச்சு என்று சொல். அது பொய்யில்லை, புள்ளடி போட்டிருப்பாய்தானே.

அக்கா,
ஜசிந்தா

ஹாலே,
14.02.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் பணிமனைக்கு வந்தது. தமிழ் எழுத்தைக் கண்டு சக வேலைக்காரர், காதல் கடிதமா என்று கேட்டார். அக்காவின் கடிதம் என்றேன். "அப்படியானால் ஏச்சுத்தான்" என்றார். சரியாகச் சொன்னார்.

நீங்கள் சொன்னபடி செய்யப் பார்த்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். நேற்று அப்பா பகல் நித்திரை கொண்ட நேரம் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். எனக்கும் அந்தக் கட்சி மேல் கோபம்தான், அக்கா. உங்களுடையதை விடக் கூட. போன மாதம் தேனுஜா டிராமில் வந்தபோது, ஒருவன் எழும்பி நின்று, தேர்தல் முடியட்டும் உன்னை முதல் விமானத்தில் ஏற்றுகிறோம் என்று சத்தம் போட்டிருக்கிறான். நான் கையால் திருத்தின டிராம் அது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வந்தாள். வந்து அப்பாவுக்குக் கஞ்சி வைத்தாள்.

அந்தக் கதை அப்பாவுக்கும் தெரியும். "அவன் குடிகாரன்" என்றார். தேனுஜாவிடம் நான் இந்த வாக்குக் கதையைச் சொன்னபோது அவள் சிரித்தாள். "மாமா போட்டால் போடட்டும். கஞ்சி நான்தானே வைக்கிறன், உப்பைக் கூட்டி விடுறன்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் கதைக்கவில்லை. அப்பாவோடு இல்லை, என்னோடு.

இவ்வளவும் இருந்தும் பேனை ஓடவில்லை. வேறு கட்சியின் கட்டத்தில் புள்ளடி போடுவது லேசு. அதற்குக் கீழே, அவர் விரும்பியபடியே போட்டேன் என்று கையெழுத்து வைக்க வேண்டுமே, அங்கேதான் நின்றுவிட்டேன். நான் பூசைக்குப் போவதில்லை, நற்கருணை எடுப்பதில்லை. என்னிடம் மிச்சம் இருப்பது, சொன்னால் சொன்னது என்ற ஒன்றுதான். அதையும் அப்பாவின் பெயரில் விற்க என்னால் ஏலாது.

ஒன்று கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். நீங்கள் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி உங்களிடம் சீட்டைத் தந்து இந்தக் கட்சிக்குப் போடு என்றால் மாற்றிப் போடுவீர்களா? போட்டால் அடுத்த நாள் உங்களுக்கு அங்கே வேலை இருக்குமா?

நீங்கள் வந்து நேரில் அவரோடு கதையுங்கள். ரயில் ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் காலையில் "போட்டிட்டியோ தம்பி" என்று கேட்கிறார். எனக்குச் சாட்டுச் சொல்லிக் களைத்துவிட்டது.

அமலன்

கொலோன்,
17.02.2025

தம்பி,

அந்தக் கிழவி என் அப்பா இல்லை. அதுதான் பதில்.

நான் வரமாட்டேன். என் வீட்டை விட்டுப் போனவர் அவர். அவர் ஒரு வார்த்தை கூப்பிடட்டும், அடுத்த ரயிலில் வருகிறேன். நீ கூப்பிடுவது வேறு.

ஆனால் உன் கடிதம் இரண்டு நாள் மனதைக் குடைந்தது. ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, பூசை வைத்த சுவாமியைப் பிடித்தேன். பெயர் சொல்லாமல், ஒரு குடும்பத்தில் இப்படி நடக்கிறது என்றேன். அவர் சிரித்துவிட்டு, "உங்கட அப்பா சுகமோ?" என்று கேட்டார். இந்தச் சமூகத்தில் ஒன்றையும் ஒளிக்க முடியாது. பிறகு சொன்னார்: "ஆயர்கள் சொன்னது சரி. அதை அவருக்கு நல்லா விளங்கப்படுத்துங்கோ, சண்டையும் பிடியுங்கோ. ஆனா மனச்சாட்சி பிழையாப் போனாலும் அது அவரின்ர மனச்சாட்சி. அவரின்ர கையைப் பிடிச்சு நீங்கள் எழுத ஏலாது." இதையேதான் நான் முதல் நன்மைக்கு ஆயத்தம் செய்கிற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், வேறு சொற்களில். சுவாமியிடமிருந்து கேட்டபோது பிடிக்கவில்லை.

ஆகவே சண்டை பிடிக்கிறேன். இதோடு இரண்டாம் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். அது அப்பாவுக்கு. ஆயர்கள் எழுதியதை நானே தமிழில் தெளிவாக எழுதியிருக்கிறேன். சத்தமாக, ஆறுதலாக வாசி. இந்த முறை வீட்டு விலாசத்துக்கே, அப்பாவின் பெயருக்கே போடுகிறேன். தன் பெயரில் கடிதம் வந்தால் அவருக்குச் சந்தோஷம், காது கொடுப்பார்.

அதற்குப் பிறகும் பிடிவாதம் பிடித்தால், சுவாமி சொன்னதை நான் மறந்துவிடுகிறேன், நீயும் மறந்துவிடு. முதல் கடிதத்தில் எழுதினபடி செய். வெளிநாட்டவர் கந்தோரில் நான் அவர் சொன்னதை மாற்றிச் சொன்னேன், ஒருவரும் நரகத்துக்குப் போகவில்லை.

இந்தத் தாளை வாசித்ததும் கிழித்து எறி.

ஜசிந்தா

ஹாலே,
19.02.2025

அக்கா,

கிழித்து எறிய முடியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் கடிதம் வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒவ்வொரு கடிதத்தையும் அம்மா எல்லோரையும் இருத்தி வைத்து, விலாசத்திலிருந்து கையெழுத்து வரை சத்தமாக வாசிப்பார். ஒருவருக்கு மட்டும் வந்த கடிதம் என்று ஒன்று எங்கள் வீட்டில் இருந்ததில்லை. அதை மறந்து, இரண்டு தாளையும் ஒரே உறையில் வைத்து, அப்பாவின் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

நான் வேலையால் வந்தபோது அப்பா உறையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தேனுஜா வாசிக்கிறேன் என்று கேட்டிருக்கிறாள், "தம்பி வரட்டும், எல்லாரும் இருந்து கேப்பம்" என்றிருக்கிறார். சட்டை மாற்றியிருந்தார், அக்கா. உங்கள் கடிதத்துக்காக.

நான் உறையை உடைத்தேன். முதல் தாளைப் பார்த்ததும் அதை அடியில் தள்ளிவிட்டு இரண்டாம் தாளை வாசித்தேன். ஆயர்கள், மனித மாண்பு எல்லாம் நன்றாக எழுதியிருந்தீர்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "மற்றத் தாளில என்ன இருக்கு?" என்றார்.

"சும்மா சுகம் விசாரிச்சிருக்கிறா" என்றேன்.

"வாசி."

நான் வாசிக்கத் தொடங்கினேன். 'அப்பா எப்படி இருக்கிறார், மருந்து எடுக்கிறாரா' என்று தாளில் இல்லாத ஒன்றை வாசித்தேன். இரண்டு வசனம் அப்படிப் போனது. மூன்றாவதுக்கு வாய் வரவில்லை. வெளிநாட்டவர் கந்தோரில் நீங்கள் செய்ததைத்தான் நான் என் வீட்டு மேசையில் செய்துகொண்டிருந்தேன். திரும்ப மேலேயிருந்து தொடங்கி, ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். அந்தக் கிழவி என் அப்பா இல்லை என்பதிலிருந்து கிழித்து எறி என்பது வரை.

தேனுஜா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். அப்பா தன் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்தார். பிறகு சொன்னார்:

"கந்தோரில அவள் மாத்திச் சொன்னது எனக்கு அண்டைக்கே தெரியும். அந்த உத்தியோகத்தன் அவளைப் பாத்துச் சிரிச்சவன். நான் சொன்னதில சிரிக்க ஒண்டும் இருக்கேல்லை. சின்னப் பிள்ளை, பயத்தில சொல்லுது எண்டு விட்டிட்டன். வெளியில வந்து அவளுக்கு ஐஸ்கிறீமும் வாங்கிக் குடுத்தனான். இப்ப அவள் சின்னப் பிள்ளை இல்லை. இப்ப என்ன பயம்?"

அதோடு, "நீயும் வேண்டாம், அவளும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே போறன்" என்று சீட்டையும் பத்திரத்தையும் தன் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டார்.

நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். எனக்குக் கவலையாகவும் இருக்கிறது, நிம்மதியாகவும் இருக்கிறது.

அமலன்

கொலோன்,
21.02.2025

அமலன்,

உன்னை நம்பி எழுதினேன். நீ அதை நீதிமன்றத்தில் வாசிப்பது போல வாசித்திருக்கிறாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. வேலையிடத்தில் ஒரு அம்மாவுக்குச் சீப்பால் தலை இழுக்கும்போது அழுகை வந்துவிட்டது. அவர் தனக்கு நோகவில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஐஸ்கிறீம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. விசா கிடைத்த சந்தோஷத்தில் வாங்கித் தந்தார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

என்ன பயம் என்று அப்பா கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். இந்தத் தாளை அவருக்கு வாசி. விடாமல் வாசி.

அப்பா, எனக்குப் பயம். ஆயர்களை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்டேன். தாரகன் போன மாதம் சாப்பாட்டு மேசையில், "அம்மா, என்னை அனுப்புறதெண்டால் எந்த நாட்டுக்கு அனுப்புவினம்?" என்று கேட்டான். பகிடியாகத்தான் கேட்டான். அவன் கொலோனில் பிறந்தவன், சோற்றை விட உருளைக்கிழங்கைத்தான் விரும்பிச் சாப்பிடுகிறவன். உங்களுக்குப் போக குருநகர் இருக்கிறது. அவனுக்கு இல்லை. எனக்கும் இல்லை, நான் அங்கே போனால் விருந்தாளி. அவன் கேட்டதிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. நீங்கள் அந்தக் கட்சியின் பெயரைச் சொன்னீர்கள் என்று தம்பி எழுதியபோது, என் சொந்த அப்பாவே என் பிள்ளையைக் கதவுக்கு வெளியே விடுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. அதற்காக உங்கள் கையை நான் எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். அது பிழை. பிழை என்று தெரிந்துகொண்டுதான் செய்யச் சொன்னேன்.

உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள். எனக்கு இது சொல்ல மனமில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

ஜசிந்தா

ஹாலே,
24.02.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. விடாமல் வாசித்தேன். அப்பா இரவுச் செபமாலையை வழக்கத்தை விட நீட்டினார். தேனுஜாவுக்குப் பசி வந்துவிட்டது.

ஞாயிறு காலையில் படி இறக்கினோம். ஒவ்வொரு தட்டிலும் தேனுஜா கதிரை போட, அவர் இருந்து மூச்சு வாங்கி, அடுத்த தட்டு. முதலில் பூசை. நானும் உள்ளே போய் இருந்தேன், அவரைத் தனியே விட முடியாது என்பதால்தான், இதை வைத்து நீங்கள் கனவு காண வேண்டாம். பூசை முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வாக்குச்சாவடி அங்கேதான்.

தபால் சீட்டோடு வந்த பத்திரத்தைக் கொடுத்தால் நேரிலும் போடலாம்; அதை மேசையில் இருந்தவர்களிடம் நீட்டி, அப்பாவின் கையைக் காட்டினேன். மகன் உள்ளே வந்து உதவி செய்யலாம் என்றார்கள். அப்பா என்னை இடது கையால் விலக்கினார். கண்ணாடி போட்ட ஒரு பெண் அங்கே கடமையில் இருந்தாள். அவளைப் பார்த்து, தன் ஜேர்மனில், "நீங்கள் வாருங்கள், மகன் வேண்டாம்" என்றார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அது அவருடைய உரிமைதான் என்றேன்.

இருவரும் மறைப்புக்குப் பின்னால் போனார்கள். உள்ளே அப்பாவின் குரல் கேட்டது, என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. பிறகு சத்தமில்லை. வரிசையில் நின்றவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். திரும்ப ஒருமுறை அவர் குரல், திரும்பச் சத்தமில்லை. வெளியே வந்தபோது அந்தப் பெண் அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தாள். மடித்த சீட்டை இடது கையால் தானே பெட்டிக்குள் போட்டார். அந்தப் பெண்ணிடம் கேட்டால் சொல்ல மாட்டாள், சொல்லவும் கூடாது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு கேட்டேன். "ஆருக்கு அப்பா போட்டனீங்கள்?"

"உனக்கெதுக்கு?" என்றார். பிறகு, தாள் எடு, சொல்லுறதை எழுது, அக்காவுக்கு அனுப்பு என்றார். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்:

"பிள்ளை, நீ ஆயர்மாரை அனுப்பினாய். எனக்கு ஆயர்மாரோட கதைக்கத் தெரியாது. பேரன் கேட்டதை நீ முதலே சொல்லியிருந்தால் நான் முதலே கேட்டிருப்பன். உன்ர வீட்டில இருந்து நான் வெளிக்கிட்டது ரேடியோவை நிப்பாட்டினதுக்காக இல்லை. நீ என்னைக் கேக்காமல் நிப்பாட்டினாய். நான் ஆருக்குப் போட்டன் எண்டு உனக்கும் சொல்ல மாட்டன், தம்பிக்கும் சொல்ல மாட்டன், சாகும் வரைக்கும் சொல்ல மாட்டன். உள்ளுக்க நான் ரெண்டு பிள்ளையளையும் யோசிச்சன். பிறக்காததையும் யோசிச்சன், தாரகனையும் யோசிச்சன். அந்தப் பொம்பிளை பொறுமையா நிண்டவள். உனக்கு என்னைப் பாக்க வேணும் போல இருந்தால் வா. நான் கூப்பிடுறன்."

ரேடியோ என்றது யூடியூப்பை.

இரவு முடிவுகள் வந்தன. எங்கள் சாவடியில் அந்தக் கட்சிக்கு நிறைய விழுந்திருக்கிறது. அதில் ஒன்று அப்பாவினதா என்று தெரியாமல்தான் நான் இன்று காலை அவருக்குச் சவரம் எடுத்துவிட்டேன்.

அமலன்

கொலோன்,
27.02.2025

அன்புள்ள தம்பி,

சனிக்கிழமை மத்தியான ரயிலில் வருகிறேன். விபூதிப் புதனுக்கு முதல் திரும்ப வேண்டும், பிள்ளைகளின் வகுப்பு இருக்கிறது. ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், அப்பாவைத் தனியே விடாதே. தேனுஜாவிடம், எனக்கென்று ஒன்றும் விசேஷமாகச் சமைக்க வேண்டாம் என்று சொல். அந்த டிராம் கதையை அவள் வாயால் நான் கேட்க வேண்டும். இத்தனை நாளும் அவளைப் பற்றி எழுதினேன், அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

என் வாக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீதான் எல்லாவற்றையும் வாசிக்கிற ஆள். மறைப்புக்குப் பின்னால் போன உடனேயே போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பேனையைக் கையில் எடுத்த பிறகுதான் யோசித்தேன். நான் போட இருந்தது எனக்கும் தாரகனுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிற கட்சி. கருவில் இருக்கிற பிள்ளையைப் பற்றி அது எழுதி வைத்திருப்பதை என் வகுப்பில் நான் வாசிக்க மாட்டேன். அப்பா ஒரு கண்ணை மூடப் பார்த்தார் என்று சத்தம் போட்டேன், நான் மற்றக் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் வெளியே வந்தபோது ஆயர்கள் ஒருவரும் என்னோடு இல்லை.

சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் இதைச் சொன்னேன். வாக்குப் போட்டது பாவமில்லை என்றார். அப்பாவின் வாக்கை எடுக்கப் பார்த்ததற்கு ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். மலிவாக முடிந்தது என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்குச் சொல்: யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். அவருடைய முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்றும் பயமாக இருக்கிறது, சின்ன வயதிலிருந்து அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் எல்லாம் கண்டுபிடித்தேன். தெரிந்தால் தெரியட்டும். எதைத் தெரிந்துகொண்டாலும், சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டை அவருக்கு நான்தான் குழைத்துத் தருவேன்.

அக்கா,
ஜசிந்தா